சுமந்தது யார்? – மலைநடை நினைவுக் குறிப்புகளை முன்வைத்து

நீண்ட மலைநடைகளைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் இரண்டாம் பக்கத்துக்குள் எடை வந்துவிடுகிறது. 18 கிலோ, 22 கிலோ, சிலரிடம் 30. அடுத்து அந்தச் சுமையின் உள்ளடக்கம் பட்டியலாக விரியும்: மழையில் ஊறிக் கனத்த கான்வாஸ் கூடாரம், மண்ணெண்ணெய் ஸ்டவ், டின் உணவு, கம்பளிகள், ஆணி அடித்த தோல் பூட்ஸ். அதன்பின் தோளில் பட்டை பதிந்த தழும்பு. கடைசியில் தவறாமல் ஒரு பெருமூச்சு: இன்றைக்கு எல்லாமே இறகு எடையில் கிடைக்கின்றன, சுமக்காதவர்களுக்கு மலை எங்கே தெரியப் போகிறது?

இவ்வகை எழுத்தை நாங்கள் விரும்பிப் படிக்கிறவர்கள். தமிழிலும் இமயப் பயணக் குறிப்புகள் பெருகிவரும் காலம் இது என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் படிக்கப் படிக்க ஒரு நெருடல் வலுக்கிறது. இந்த நினைவுகளில் சுமை இருக்கிறது, சுமந்தவர் இல்லை. கூடாரம் முகாமுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது, அது எந்த முதுகில் வந்தது என்பது வாக்கியத்தில் இல்லை. 'சுமந்தோம்' என்று ஒரு வினைமுற்று வருகிறது. அந்த வினைமுற்றின் எழுவாய் யார் என்பதே எங்கள் கேள்வி. இது வெறும் இலக்கணக் கேள்வி அன்று என்பதை இங்கே நிறுவ முயல்கிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திவிடுவோம். தன் சுமையைத் தானே சுமந்து நடந்தவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடம் போன்ற நெடும்பாதைகளில் நடந்தவர்களின் குறிப்புகள் அப்படிப்பட்டவை. அங்கே தோள்வலி எழுதியவரின் வலியேதான். அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கனத்த சுமைதான் அந்தக் காலத்தின் உண்மை, கனமே மெய்யான நடையின் அடையாளம் என்ற பாவனை அங்கேயும் எடுபடாது. 1955இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி தம் 67ஆம் வயதில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரம் வரை, 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அத்தடத்தைத் தனியாக நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. கூடாரம் கிடையாது, தூங்குபை கிடையாது. ஒரு போர்வை, ஒரு மழைக்கோட்டு, மழைக்கு மறைப்பாகக் குளியலறைத் திரை ஒன்று. கனம் என்பது அந்தக் காலத்தின் விதியாக இருந்திருந்தால் அவர் முதல் மாநில எல்லையையே தாண்டியிருக்க மாட்டார்.

எனவே கனத்த சுமை, பெரும்பாலும், சிலர் தேர்ந்துகொண்ட ஒரு முறை. அந்த முறையின் உச்சத்தை இமயத்தில் காணலாம். அங்கே அதைத் தேர்ந்துகொண்டவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர்.

1953ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணத்தை எடுத்துக்கொள்வோம். உலகம் அறிந்த பயணம். ஆகவே உதாரணத்துக்கு ஏற்றது. அந்த ஆண்டு மார்ச் 10ஆம் தேதி காத்மாண்டு பள்ளத்தாக்கின் பக்தபூரிலிருந்து முதல் அணி கிளம்பியது. இரண்டாம் அணி மறுநாள். தியாங்போச்சே மடாலயத்தை அடைய இரண்டு வாரத்துக்கும் மேலாயிற்று. மலையேற்ற வரலாற்றில் இந்த அணுகுநடை தனியொரு இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது: வசந்தம், பூத்த ரோடோடென்ட்ரான் காடுகள், ஆற்றில் குளியல், மாலையில் கூடாரத்து வாசலில் தேநீர். ஏறுவதற்கு முன் உடலைப் பழக்கும் இனிய நாட்கள் என்றே பலரும் அவற்றை நினைவுகூர்கிறார்கள்.

அந்த இனிய நாட்களில் 350க்கும் மேற்பட்ட சுமையாட்கள் ஆளுக்குச் சுமார் 27 கிலோ சுமந்து நடந்தார்கள். ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். நெற்றியில் நாம்லோ என்கிற பட்டை. அதில் தொங்கும் சுமை முதுகில். தங்களுக்கு வேண்டிய உணவும் போர்வையும் அதற்கு மேல். மேலே குறிப்பிட்ட தேநீரும், அதைக் காய்ச்சிய ஸ்டவ்வும், அமர்ந்து குடித்த பெட்டியும் அந்த முதுகுகளில்தான் வந்தன. 1963இல் அமெரிக்கக் குழு எவரெஸ்டுக்குப் போனபோது இந்த எண்ணிக்கை 909 ஆயிற்று. ஒரு சிற்றூரின் மக்கள்தொகை. அந்த ஊரில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்?

இங்கே தமிழ் நமக்கு ஓர் உரைகல்லைத் தருகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். அதற்குள் எவரும் ஒளிந்துகொள்ளலாம். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். ஒரு நினைவுக் குறிப்பில் வரும் "கூடாரங்களைச் சுமந்துகொண்டு கணவாயைக் கடந்தோம்" என்பது போன்ற வாக்கியத்தை எடுத்து, அதை எழுதியவர் அந்தச் சுமையாளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'நாங்கள் சுமந்தோம்' என்று அவரிடம் சொல்ல முடியாது. அது பொய் என்பதைக் கேட்பவரின் கழுத்தே சொல்லிவிடும். 'நாம் சுமந்தோம்' என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த பக்கத்தில் அவருக்குப் பெயர் வேண்டும். அவர் எங்கே தூங்கினார், என்ன உண்டார் என்று சொல்ல வேண்டும். நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வாக்கியத்தையுமே தவிர்க்கிறார்கள். கேட்பவராக எப்போதும் வீட்டில் அமர்ந்திருக்கும் வாசகரை மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் 'நாங்கள்' என்று சொல்வது எளிது. நாம் அங்கே இல்லை.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட முடியாது. 1920, 30களின் பயண நூல்களில் சுமையாளைக் குறிக்க ஆங்கிலத்தில் பரவலாகப் புழங்கிய சொல் 'கூலி'. அதன் வேரைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குஜராத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும், தமிழ்க் கூலியின் பங்கைச் சொல்வாரும் இருக்கிறார்கள். எப்படியாயினும் நம் காதுக்கு அச்சொல் அந்நியமாக ஒலிப்பதில்லை. தமிழில் கூலி என்பது முதலாவதாக ஒரு தொகை. செய்த வேலைக்கு ஈடாகக் கைக்கு வந்து சேர வேண்டியது. அந்த நூல்களில் அது ஓர் ஆள். ஆளின் பெயர் மறைந்து அவனுக்குத் தர வேண்டிய தொகையே அவன் பெயராகிவிட்டது. அந்தத் தொகை எவ்வளவு என்பதோ பெரும்பாலும் பின்னிணைப்பில்கூட இருக்காது.

இமயம்வரை போகவும் வேண்டாம். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பாதைக்குக் 'கூலி காட்' என்றே ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தார்கள். 1845இல் அங்கே வீடுகட்டத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளும், அவர்களுக்குப் பின்வந்த வெள்ளையர்களும் அப்பாதையில் நாற்காலியிலும் டோலியிலும் தூக்கிச் செல்லப்பட்டார்கள். மூட்டை முடிச்சுகளும் மனிதர்களின் தலையில் ஏறின. பாதைக்குச் சுமந்தவர்களின் பெயர் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு மனிதர் கூட இல்லை.

இதற்கு மறுப்பாக, அது காலனியக் காலம், அவர்கள் மனம் அப்படி, இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பார்கள். அளக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்தவர் ஒருவரின் அளவுகோலே போதும். 1922 ஜூன் 7ஆம் தேதி எவரெஸ்டின் வடக்குக் கணவாய்க்குக் கீழே மூன்று ஆங்கிலேயரும் பதினான்கு சுமையாட்களும் பனிச்சரிவில் சிக்கினார்கள். ஏழு சுமையாட்கள் இறந்தார்கள். மூன்று ஆங்கிலேயரும் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் மாலரி. மற்றொருவர் ஹோவர்ட் சாமர்வெல், அறுவை மருத்துவர். அந்தப் பயணம் முடிந்து தெற்கே வந்தவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூரின் மிஷன் மருத்துவமனையைக் கண்டார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் ஒற்றை மருத்துவரையும் பார்த்து, லண்டனில் காத்திருந்த தொழிலை விட்டுவிட்டு அங்கேயே பணியாற்றுவதென்று முடிவெடுத்தார். 1949 வரை நெய்யூரிலும், பிறகு வேலூரிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தென்னிந்தியாவில் கழித்தார்.

அந்தச் சாமர்வெல் 1936இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் பனிச்சரிவு நாளைப் பற்றிப் பேசுகிறார். இறந்தவர்களோடு தங்களில் ஒருவராவது அந்தப் பனியில் கிடந்திருக்கக் கூடாதா என்பதே அவருடைய ஏக்கம். அபாயத்தில் தங்களுக்கும் முழுப் பங்கு இருந்தது என்பதை அந்த ஒரு சாவாவது காட்டியிருக்கும் என்று எண்ணுகிறார். அந்த எண்ணத்தின் நியாயத்தைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் ஓர் ஆங்கிலேய மலையேறிக்கு அன்றே அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது: மூன்றும் பதினான்கும் ஒரே சரிவில், சாவு மட்டும் ஒரே பக்கத்தில். அவருக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமல் போனதற்குக் காலத்தைக் காரணம் சொல்ல இயலாது.

அந்த எழுவரின் பெயர்களை 1924 குழு அடிவார முகாமில் எழுப்பிய நினைவுக் குவையில் பொறித்தார்கள். கல்லில் இருந்த அந்தப் பெயர்கள் நினைவுக்குள் வரவில்லை. 1924இல் மறைந்த மாலரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோதும், அவரோடு மறைந்த ஆண்ட்ரூ இர்வினின் பூட்சும் காலுறையும் 2024இல் பனியாற்றில் கிடைத்தபோதும் உலகம் முழுதும் அதைப் பேசியது. காலுறையில் தைத்திருந்த பெயரைக்கொண்டு இர்வின் என்று அடையாளம் கண்டார்கள். காலுறையில் பெயர் தைத்துக்கொள்ளும் வசதியோடு மலைக்குப் போகிறவர்களைத்தான் நூறாண்டு கழித்தும் அடையாளம் காண முடிகிறது. அந்த எழுவரைத் தேடி எவரும் போகவில்லை.

நினைவு என்பது வெறும் மனச்செயல் அன்று. அதற்கு உரிமமும் ஒப்பந்தமும் உண்டு என்பதற்கு 1950இன் அன்னபூர்ணாப் பயணம் சான்று. எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் மனிதர் முதலில் ஏறியது அதில்தான். கிளம்பும் முன் குழு உறுப்பினர்கள் ஐந்தாண்டுகளுக்கு எதையும் வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். தலைவர் மோரிஸ் எர்சோக்கின் நூலே அந்தப் பயணத்தின் ஒற்றை நினைவாக உலகைச் சுற்றியது. அவரோடு உச்சியை அடைந்த லூயி லாஷெனால் 1955இல் இறந்தார். அவர் குறிப்புகள் 1956இல் கத்தரிக்கப்பட்டு அச்சேறின. முழுமையாக வெளிவந்தது 1996இல். உச்சியில் நின்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக்கே இந்த நிலை என்றால், கீழே சுமந்தவரின் நினைவுக்கு என்ன இடம் இருந்திருக்கும்?

அந்தப் பயணத்தின் ஷெர்பாத் தலைவர் ஆங் தார்க்கே. அவருடைய வாழ்க்கை நினைவுகள், அவர் சொல்லப் பிறர் எழுதியவை, 1954இல் பிரெஞ்சில் வந்தன. ஆங்கிலத்தில் வெளிவர 2016 ஆயிற்று, அறுபத்திரண்டு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் எர்சோக்கின் நூலைப் படித்து மலைக்குப் போன தலைமுறைகள் இரண்டு. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உச்சியிலிருந்து திரும்பும் வழியில் எர்சோக்குக்கும் லாஷெனாலுக்கும் கை கால்கள் பனியில் கருகிப்போயின. மழைக்காலம் தொடங்கிவிட்ட பள்ளத்தாக்குகள் வழியே வாரக்கணக்கில் அவர்களை மனிதர்கள் முதுகில் சுமந்து வந்தார்கள். எழுதியவரே அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சுமையாக இருந்தார். இருந்தும் மலையேற்ற இலக்கியம் சுமந்தவன் பக்கத்திலிருந்து எழுதப்படக் கற்றுக்கொள்ளவில்லை.

வேறுவிதமாகவும் நடக்க முடிந்திருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம். 1934இல் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் நந்தாதேவியைச் சூழ்ந்த மலைவளையத்துக்குள், ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கு வழியாக, முதன்முதலாக நுழைந்தார்கள். அவர்களோடு மூன்று ஷெர்பாக்கள்: ஆங் தார்க்கே, பாசங் போட்டியா, குசாங். வழியில் சில கட்டங்களில் உள்ளூர் ஆட்களையும் அமர்த்தினார்கள் என்றாலும், உள்ளே சுற்றியது இந்த ஐவரே. வெள்ளையர் இருவரும் சுமந்தார்கள். ஷெர்பாக்கள் உண்ட சத்துமாவையே அவர்களும் உண்டார்கள். சுமை குறைந்ததும் சுமப்பவர் எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததும் பெயர்கள் தெரியவந்தன. ஷிப்டனின் எழுத்தில் அந்த மூவரும் மனிதர்களாக நடமாடுகிறார்கள், கோபிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். அதே 1934இல் நங்கபர்பத்தில் பெரிய ஜெர்மன் குழு ஒன்று புயலில் சிக்கி மூன்று ஜெர்மானியரும் ஆறு ஷெர்பாக்களும் இறந்தார்கள். தலைவர் மெர்க்கலை விட்டு இறங்க மறுத்து அவரோடு இருந்து மடிந்தவர் பெயர் கேலே. அந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய விசுவாசம். சுமந்ததற்காக எவர் பெயரும் நிலைத்ததில்லை. எசமானுக்காகச் செத்தால்தான் வேலைக்காரனுக்குக் கதையில் இடம் என்பது நாமும் நன்கறிந்த கதைமரபுதானே.

1953க்கு ஒருமுறை திரும்புவோம். காத்மாண்டுவில் பிரிட்டிஷ் குழுவினருக்குத் தூதரக வளாகத்தில் அறைகள் கிடைத்தன. உடன்வந்த ஷெர்பாக்களுக்கு ஒதுக்கப்பட்டது முன்பு குதிரை லாயமாக இருந்த கார் கொட்டகை. கழிப்பிடம் கிடையாது. மறுநாள் காலை அவர்கள் கொட்டகைக்கு முன்னாலேயே வரிசையாக நின்று சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அந்தக் குழுவில் அவர்களுக்குத் தலைவராக வந்த டென்சிங் நோர்கே, 1935இல் ஒரு சுமையாளாக மலைவாழ்வைத் தொடங்கியவர். 1953 மே 29 அன்று உச்சியில் நின்றவர். எழுத அறியாத அவர் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட தன்வரலாறு 1955இல் வந்தது. கொட்டகையின் கதையை நாம் அதில் படிக்கிறோம். சுமந்தவர் பேச வாய்த்தபோதெல்லாம் நமக்குக் கிடைப்பது இத்தகைய செய்திகள். ரோடோடென்ட்ரான் பூக்களை மட்டும் படித்து வளர்ந்த வாசகருக்கு இது புதிய மலையாகத்தான் தெரியும்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி 1964இல் நேபாளத்தில் முதல் மலைநடை நிறுவனத்தைத் தொடங்கினார். 1965இல் அதன் முதல் வாடிக்கையாளர்களாக வந்தவர்கள் மூன்று அமெரிக்கப் பெண்கள். மலையேறும் குழுக்களுக்கு மட்டும் இருந்த வசதி அதன்பின் யாரும் விலைகொடுத்து வாங்கக்கூடியதாயிற்று. கூடாரம், சமையல், மேசை நாற்காலி எல்லாம் வேறொருவர் முதுகில் முன்னே போக, தண்ணீர்ப் புட்டியும் கேமராவும் மட்டும் உள்ள பையோடு பின்னே நடந்துபோகலாம். இந்திய இமயத்தில் இதே ஏற்பாட்டுக்கு 'பேக் ஆஃப்லோடிங்' என்று பெயர். ஆளோ கோவேறு கழுதையோ சுமந்துவரும், தனிக் கட்டணம். கேதார்நாத்தில் மனிதரையே கூடையில் வைத்து முதுகில் தூக்கிச் செல்கிறார்கள். நம்மூரிலிருந்து போகிறவர்களும் அந்தக் கூடையில் ஏறுகிறார்கள். திரும்பிவந்து எழுதுகையில் மட்டும் "கடினமான ஏற்றத்தை ஏறினோம்" ஆகிவிடுகிறது.

2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, நாம்சே சந்தைக்குச் சரக்கு சுமந்து செல்லும் நேபாளச் சுமையாட்களை எடைபோட்டது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தார்கள். மெல்ல நடப்பது, அடிக்கடி நிற்பது, நிற்கையில் கைத்தடியைச் சுமைக்கு முட்டுக்கொடுப்பது என்பது அவர்கள் முறை. அதே சுமையைப் பிறரைவிடக் குறைந்த ஆற்றலில் சுமக்கிறார்கள் என்றும் அந்த ஆய்வு கண்டது. இதை எடுத்துக்கொண்டு "அவர்களுக்குப் பழக்கம், அவர்களுக்கு வலிக்காது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திறமையைக் காட்டி வலியை மறுப்பது சுரண்டலின் மிகப் பழைய வாதம். நாற்று நடுகிற பெண்ணின் இடுப்பைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்.

மேலும், சுமப்பவர் எல்லாரும் ஷெர்பாக்கள் அல்லர். ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர். நாம் அதைத் தொழிலின் பெயராக்கிவிட்டோம். தாழ்ந்த மலைகளிலிருந்து வேலை தேடி வரும் ராய், தாமாங், மகர் மக்களே சுமையாட்களில் மிகுதி. உயரம் அவர்களையும் தாக்கும். நம்மைத் தாக்குவது போலவே தாக்கும். 1997இல் நேபாளத்தில் உயரநோய் கண்ட இளம் சுமையாள் ஒருவர் கணக்குத் தீர்க்கப்பட்டுத் தனியே கீழே அனுப்பப்பட்டார். முப்பது மணி நேரம் கழித்து இறந்தார். வயது 20. சுமையாட்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்று அந்தச் சாவைத் தொடர்ந்துதான் உருவாயிற்று. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பிறருடைய முகாம்களுக்காகச் சுமையேற்றிக்கொண்டிருந்தவர்கள்மீது பனி சரிந்தது. இறந்த 16 பேரும் நேபாளிகள். குடும்பத்துக்கு ஈமச்சடங்குச் செலவாக அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். 1922இல் சாமர்வெல்லை வதைத்த அதே கணக்கு, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறாமல்.

நண்பர்கள் இரண்டு மறுப்புகளை எழுப்பலாம். ஒன்று: சுமை அவர்களுக்குப் பிழைப்பு, அதைக் குறை சொன்னால் பிழைப்பு போகும். சுமையை நிறுத்தச் சொல்லி நாங்கள் எங்கும் எழுதவில்லை. பிழைப்பு என்பது ஒருவரைப் பற்றிப் பேசாமலிருப்பதற்கான காரணம் ஆகாது, பேசுவதற்கான காரணம். பெரு நாட்டில் 2001இல் இயற்றிய சட்டம் சுமையாளின் சுமைக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்தது. அதனால் இன்காத் தடத்தில் நடப்பவர் தொகை அற்றுப்போகவில்லை. எடையைப் பேசியதால்தான் வரம்பு வந்தது.

இரண்டாவது மறுப்பு இலக்கியத்தின் பெயரால் வருவது: நினைவு அகவயமானது, அது சம்பளப் பட்டியல் அன்று, எழுத்தாளன் தன் அனுபவத்தைத்தான் எழுத முடியும். இந்த வாதம் எங்களுக்கு வியப்பளிக்கிறது. அகவயமான அந்த நினைவில் காலில் எழுந்த கொப்புளத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. கஞ்சியில் விழுந்த மழைத்துளி இருக்கிறது. கூடாரத்துணியின் வாசனையும் அடுப்பின் இரைச்சலும் இருக்கின்றன. பதினைந்து நாள் கண்முன்னே நடந்த ஒரு முதுகு மட்டும் அகத்துக்குள் நுழையவில்லை என்றால், பழுது அகத்தில்தான் இருக்கிறது. பார்த்ததை எழுதாமல் விடுவதற்கு அழகியல் என்று பெயரிட எங்களால் முடியாது.

சுமையை நினைவில் வைக்க நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. தமிழகத்தின் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல் இன்றும் அங்கங்கே நிற்கிறது: இரு நட்ட கற்கள், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு தனியே வருகிறவர், இறக்கிவிடவும் ஏற்றிவிடவும் ஆளின்றி, தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அது இருக்கும். பிள்ளைச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். நேபாளத்து மலைப்பாதைகளில் அதற்கு இணையாகச் சௌதாரி உண்டு: அரசும் ஆலும் நட்டுக் கட்டிய கல்மேடை. முதுகுக் கூடையை இறக்காமலே அதன் பாரத்தை வைத்து நிற்க வசதியான உயரத்தில் விளிம்பு. அதையும் இறந்தோர் நினைவாகவே எழுப்புகிறார்கள். ஒன்றையொன்று அறியாத இரு நிலங்கள், இறந்தவரை நினைப்பதற்குக் கண்ட வழி ஒன்றாகவே இருக்கிறது: அடுத்து வரும் சுமையாளுக்கு ஓர் இளைப்பாறல். அந்த மேடைகளில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் எழுதிய நூல்களில், அந்த மேடை எதற்காகக் கட்டப்பட்டது என்பது பெரும்பாலும் இல்லை.

ஆகவே மலைநடை நினைவுகளை எழுதப்போகும் தமிழ் எழுத்தாளர்களிடம் எங்கள் கோரிக்கை எளியது. உங்கள் சுமையின் எடையை எழுதுங்கள். அதைச் சுமந்தவர் பெயரையும் எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், நாளுக்கு என்ன கூலி பெற்றார், காலில் என்ன அணிந்திருந்தார், இரவு எங்கே தூங்கினார் என்று எழுதுங்கள். கேட்டால் சொல்வார், நடக்க இரண்டு வாரம் இருக்கிறது. முழுச் சுமையையும் நீங்களே சுமந்திருந்தால் அதையும் பெருமையோடு எழுதுங்கள், நாங்கள் மகிழ்ச்சியோடு படிப்போம். இவற்றையெல்லாம் சேர்த்தால் நூலில் ஒரு பக்கம் கூடும். அந்தப் பக்கத்தையாவது எழுதுகிறவர் சுமக்கட்டும்.